ஒரே சுவரின் இரு பக்கங்கள்

காற்றிலுள்ள ஈரம் எத்துணை சக்தி வாய்ந்தது என்பதைப் பௌதிக சாஸ்திரம் பயின்றவர்களுக்கு வெகுகாலம் முன்னரே விரல் நுனியால் அறிந்தவர்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வறண்டு வீசத் தொடங்கினால் பட்டுப் பாவில் இழைகள் பட்பட்டென்று அறுவதையும், அறுந்த இழையைத் தேடிப் பிணைப்பதிலேயே பொழுது கழிவதையும், ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் தெருவில் நீட்டிய பாவு காயாமல், தறிக்குழியிலும் நீர் ஊறி, வேலையே நின்றுபோவதையும் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருக்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கையில் பட்டு தன் எடையில் ஏறக்குறைய 11 சதவீதம் நீரைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. அது குறைந்தால் இழையின் நெகிழ்ச்சியும் குறைகிறது. கால்களைக் குழிக்குள் விட்டு, தரையை ஒட்டிப் பாவை விரித்து நெய்யும் குழித்தறி, இடத்தையும் மரத்தையும் மிச்சப்படுத்தும் ஏற்பாடு மட்டுமன்று. பூமியின் ஈரத்தைப் பாவின் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ளும் உபாயமும் ஆகும்.

இன்று நாம் ஏ.ஸி. என்று சொல்லும் சாதனமும் மனிதனின் சுகத்துக்காகப் பிறந்ததன்று, நூலையும் காகிதத்தையும் உத்தேசித்தே பிறந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1902-இல் அமெரிக்காவில் புரூக்ளினில் இருந்த அச்சுக்கூடம் ஒன்றில், ஈரத்தால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமற் போவதைத் தடுக்க, வில்லிஸ் காரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்ந்த நீர் ஓடும் குழாய்ச் சுருள்களின் மீது காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தை அடக்கினார். நான்கு ஆண்டுகள் கழித்து, வட கரோலினாவில் பஞ்சாலைகளுக்குள் தக்க ஈரத்தை நிலைநிறுத்தும் வேலையில் ஈடுபட்டிருந்த ஸ்டூவர்ட் கிரேமர் என்பவரே அக்கலைக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். ஆகவே தறியும் குளிர்நீரும் தொடக்கத்திலிருந்தே உறவினர்கள்.

அந்த உறவு மறந்துபோனதன் விளைவைக் காஞ்சிபுரத்தில் காண வேண்டுமானால், கடைத்தெருவின் முகப்பைவிட அதன் பின்புறத்தைப் பார்ப்பதே மேல். காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளின் முகப்பெல்லாம் கண்ணாடியும் வெளிச்சமுமாக ஜொலிக்க, பின்சந்துகளில் ஏ.ஸி.யின் வெளி யூனிட்டுகள் இரும்புக் கோணங்களின் மேல் அடுக்கடுக்காக அமர்ந்து, ஒன்று வெளியிடும் அனற்காற்றை மற்றொன்று உள்ளிழுத்துக்கொண்டு திணறுகின்றன. வெயிலில் கறுப்பு ரப்பர் உரிந்து, உள்ளிருக்கும் செப்புக் குழாய் பல்லிளிக்கிறது. கோயில்களை அண்டிய லாட்ஜுகளிலோ வேடிக்கை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அறைச் சுவரின் வெளிப்பக்கத்தில் வெளி யூனிட் இரவெல்லாம் உஷ்ணத்தை வானத்துக்கு அள்ளி விடுகிறது. அதே சுவரின் உட்பக்கத்தில், குளியலறையில், விடியற்காலம் காமாட்சியம்மனைத் தரிசிக்கப் புறப்படும் யாத்ரீகருக்காகக் கீஸரின் சிவப்பு விளக்கு எரிகிறது. உஷ்ணத்தை வெளியே தள்ளுவதற்கு ஒரு மின்கட்டணம், ஒன்பது அங்குலச் சுவருக்கு இப்பால் அதே உஷ்ணத்தைப் புதிதாக உண்டாக்குவதற்கு மற்றொரு மின்கட்டணம். இரண்டையும் ஒரே முதலாளி செலுத்துகிறார். இறுதியில் அது அறை வாடகையில் ஏறி யாத்ரீகர் தலையில் விடிகிறது.

இதைத் தவிர்க்கும் வழி புதிதன்று. பெரிய கட்டடங்களில் அறைக்கு அறை தனி யந்திரம் வைப்பதை விடுத்து, ஓரிடத்தில் நீரைக் குளிர்வித்துக் குழாய்களின் மூலம் கட்டடம் முழுவதற்கும் அனுப்பி, அங்கே உஷ்ணத்தை ஏற்றுத் திரும்பும் நீரிலிருந்து அவ்வுஷ்ணத்தைப் பிரித்து, வேண்டிய இடத்தில் வெந்நீராகப் பயன்படுத்திக்கொள்ளும் முறை உலகில் நீண்ட காலமாக நடைமுறையில் உள்ளது. அதனை நம் ஊர்களின் லாட்ஜுகளுக்கும் மண்டபங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் உரிய முறையாக நாம் இன்னும் கருதத் தலைப்படவில்லை என்பதே என் குறை.

குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை. யந்திரம் செய்வதெல்லாம் ஓரிடத்து உஷ்ணத்தை மற்றோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். ஆகையால் இந்த விஷயத்தில் முதற்கேள்வி, சுமப்பதற்கு வாகனம் எது என்பதே. ஒரு கன மீட்டர் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர ஏற்கும் உஷ்ணத்தைப் போல் ஏறக்குறைய 3,500 மடங்கு உஷ்ணத்தை, ஒரு கன மீட்டர் நீர் அதே ஒரு டிகிரி உயர்வுக்குள் ஏற்றுக்கொள்கிறது. களத்து நெல்லை ஊரார் ஆளுக்கொரு பிடியாகக் கையில் அள்ளிச் செல்வதற்கும், ஒரே பாரவண்டியில் ஏற்றி அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இது. கணக்கிட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நூறு டன் குளிர்ச்சி வேண்டிய கட்டடத்துக்கு அதனை நீரில் அனுப்ப நான்கு அங்குலக் குழாய் இரண்டு, போக ஒன்றும் வர ஒன்றுமாகப் போதும். அதையே காற்றில் அனுப்புவதானால் இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள, ஆள் நிமிர்ந்து நடந்து போகத்தக்க தகரச் சுரங்கம் வேண்டும். அத்தனை காற்றையும் தள்ளும் விசிறிக்கு ஆகும் மின்சாரம், நீரைத் தள்ளும் பம்ப்புக்கு ஆவதைப் போலப் பன்மடங்கு.

இங்கே டன் என்பது பனிக்கட்டிக் காலத்து அளவை. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது ஏற்கும் உஷ்ணமே ஒரு டன் குளிர்ச்சி. இன்றைய கணக்கில் மூன்றரை கிலோவாட். சென்னைக் கடற்கரையில் இப்போது விவேகானந்தர் இல்லமாக விளங்கும் வட்ட முகப்புக் கட்டடம், 1842-இல் பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டூடர் என்ற வியாபாரி, உறைந்த ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொணர்ந்து சேமித்து வைத்த ஐஸ் ஹவுஸ் அன்றோ? குளிர்ச்சியை நீரின் வடிவில் தொலைதூரத்துக்குச் சுமந்து செல்லலாம் என்பதைச் சென்னைவாசிகள் அன்றே கண்ணாரக் கண்டுவிட்டார்கள்.

சித்தாந்தம் சரி, பாரத தேசத்தின் சீதோஷ்ணத்தில் நடைமுறைக்கு ஒத்து வருமா என்று கேட்போருக்குப் பதிலாக ஐதராபாத்தில் ஓர் அபூர்வமான பரீட்சை நடந்திருக்கிறது. அந்நகரத்தின் புறத்தே போச்சாரத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் எழுப்பி, 2011-இல் குடிபுகுந்த கட்டடம் ஒன்று சுமார் 24,000 சதுர மீட்டர் பரப்புடையது. அதனை நடுவில் கோடு கிழித்தாற்போல் ஒரே அளவும் ஒரே அமைப்பும் கொண்ட இரு பாதிகளாக்கி, ஒரு பாதிக்கு நன்கு திருத்தியமைத்த வழக்கமான காற்றுக்குழாய் ஏற்பாட்டையும், மற்றப் பாதிக்குத் தளத்தின் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைத்த பிளாஸ்டிக் குழாய்களில் குளிர்நீர் ஓடும் ஏற்பாட்டையும் செய்தார்கள். நீர் தளத்தைக் குளிர்விக்க, தளம் அறையிலுள்ளவர்களின் உடல் உஷ்ணத்தை ஓசையின்றி ஈர்த்துக்கொள்ளும். 2011 ஏப்ரல் முதல் 2012 மார்ச் வரை ஓராண்டுக் கணக்கெடுத்ததில், காற்று ஓடிய பாதியில் சதுர மீட்டருக்கு 38.7 யூனிட்டும், நீர் ஓடிய பாதியில் 25.7 யூனிட்டும் செலவாயிருந்தன. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். நீர் ஏற்பாட்டுக்கு ஆரம்பச் செலவு கூடுதலாக ஆகியிருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர்; அதுவும் இல்லை, ஒரு மயிரிழை குறைவாகவே முடிந்தது. ஒரே கூரையின் கீழ், ஒரே வெயிலில், ஒரே விதமான வேலை செய்யும் மனிதர்களை வைத்து நடத்திய சோதனையாதலால், இதற்கு ஆட்சேபம் சொல்வது எளிதன்று.

ஆயினும் ஓர் ஆட்சேபம் உண்டு. அதைப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் எவரும் உடனே எழுப்புவார். ஐதராபாத் தக்காண மேட்டுநிலத்து ஊர். காஞ்சிபுரமோ கடலிலிருந்து காக்கை பறக்கும் தூரத்தில் ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஐப்பசி மாதத்து மாலைப் பொழுதில் இங்குள்ள காற்று 24 டிகிரிக்குக் கீழான எந்தப் பரப்பைத் தொட்டாலும் அங்கே நீர் பூத்துவிடும். தளத்தில் 16 டிகிரி நீரை ஓடவிட்டு வாசற்கதவையும் திறந்து வைத்தால், கூரை வியர்த்துப் பட்டுச் சேலைகளின் மேல் சொட்டும். ஜரிகைக்கு அதைவிடப் பெரிய சத்துரு இல்லை. உள்ளே வரும் வெளிக்காற்றை முதலில் தனி யந்திரத்தில் ஈரம் போக உலர்த்தி, அறைக்குள் 25 டிகிரியும் 50 சதவீத ஈரமும் நிலைத்தால், நீர் பூக்கும் எல்லை 14 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அப்போது அபாயம் இல்லை. கதவு எந்நேரமும் மூடியிருக்கும் அலுவலகத்துக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் இது பொருந்தும். நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவு திறக்கும் சேலைக் கடைக்கும், நான்கு வாசலும் திறந்தே கிடக்கும் கல்யாண மண்டபத்துக்கும் தளத்தில் குழாய் பதிப்பது வேண்டாத வேலை என்பதே என் அபிப்பிராயம். அங்கெல்லாம் ஏழெட்டு டிகிரி நீரைச் சிறு விசிறிச் சுருள்களுக்கு அனுப்பி, ஈரத்தை அச்சுருள்களிலேயே வடித்துவிடும் பழைய முறைதான் ஏற்றது. நீரின் சிறப்பு தளத்தில் இல்லை, குழாயில் இருக்கிறது.

கல்யாண மண்டபத்தைச் சொன்னேன். ஆயிரம் பேர் அமர்ந்த வரவேற்பில், விளக்கையும் சமையலையும் கணக்கில் சேர்க்காமலே, மனிதர் உடலிலிருந்து எழும் உஷ்ணம் மட்டும் நூறு கிலோவாட்டைத் தொடும். அந்தச் சுமை மாலை ஏழு மணிக்கு வந்து பத்து மணிக்குப் போய்விடுகிறது. மின்வாரியத்துக்கும் அதுவே நெருக்கடியான நேரம். மூன்று மணி நேரத்துக்காகப் பெரிய யந்திரம் வாங்கி மாதத்தில் இருபது நாள் சும்மா போட்டுவைப்பதற்குப் பதில், சிறிய யந்திரத்தைக் கொண்டு முந்தின இரவே நீரைக் குளிர்வித்து, வெப்பம் புகாவண்ணம் போர்த்திய தொட்டியில் நிறைத்து வைத்துக்கொள்ளலாம். ஒரு லட்சம் லிட்டர் நீர் எட்டு டிகிரி வித்தியாசத்தில் ஐம்பது டன் யந்திரம் ஐந்து மணி நேரம் ஓடிச் செய்யும் வேலையைச் செய்யும். சேமித்து வைக்கும் இந்தச் சௌகரியம் காற்றுக்கும் இல்லை, செப்புக் குழாயில் ஓடும் ரசாயன வாயுவுக்கும் இல்லை.

லாட்ஜுக்கு வருவோம், காஞ்சிபுரம் போன்ற க்ஷேத்திரத்தில் இம்முறையின் முழுப் பலனும் கிட்டும் இடம் அதுவே. பத்து அறைகளில் இரவு எட்டு மணி நேரம், அறைக்குச் சராசரி அரை டன் வீதம் குளிர்ச்சி செலவானால், அறைகளிலிருந்து எடுத்த உஷ்ணமும் கம்ப்ரஸரின் உழைப்பும் சேர்ந்து 180 யூனிட் அளவுக்கு உஷ்ணம் வெளிவருகிறது. அது 30 டிகிரி நீரில் ஏறக்குறைய 6,000 லிட்டரை 55 டிகிரிக்கு உயர்த்தப் போதுமானது. அப்பத்து அறைகளில் தங்கும் முப்பது பேரும் ஆளுக்கு முப்பது லிட்டர் வெந்நீர் எடுத்தாலும் செலவாவது 900 லிட்டரே. அதாவது, கீஸர்கள் அத்தனையையும் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்ட பிறகும் உஷ்ணம் மிஞ்சும். நேரமும் கச்சிதமாகப் பொருந்துகிறது: உஷ்ணம் சேர்வது இரவு பத்திலிருந்து விடியும் வரை, வெந்நீர் வேண்டுவது ஐந்து மணியிலிருந்து எட்டு வரை. இடையில் வேண்டியதெல்லாம் மொட்டைமாடியில் ஒரு வெந்நீர்த் தொட்டி. வெப்பம் அதிகமான நீரைச் செய்யும்போது யந்திரத்தின் உழைப்பு சற்றுக் கூடும் என்பது உண்மை. ஆயினும் கீஸர்களின் செலவு அடியோடு ஒழிவதை எண்ணினால் அது பொருட்டன்று. அத்தி வரதர் எழுந்தருளிய 2019-இல், ஜூலை முதல் ஆகஸ்டு நடு வரை 48 நாட்களும் இந்த ஊரின் அறைகள் நிரம்பி வழிந்தனவே, அந்நாட்களில் பின்சுவர்களின் வழியே எத்தனை லட்சம் லிட்டர் வெந்நீருக்கான உஷ்ணம் வீதியில் கரைந்துபோயிற்று என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

சாயப்பட்டறையும் என் நினைவுக்கு வருகிறது. பட்டு நூலின் பசை போக அதனைச் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிநிலைக்கு அருகே வைத்துக் காய்ச்ச வேண்டும். சாயமேற்றவும் சூடு வேண்டும். குளிர்சாதன யந்திரம் தரும் 55 டிகிரி நீர் அதற்குப் போதாதெனினும், 30-லிருந்து 95-க்கு ஏற வேண்டிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுவே தூக்கிவிட்டுவிடும், மீதத்துக்குத்தான் அடுப்பு. ஆனால் காந்தி ரோட்டுக் கடைக்கும் தெருக்கோடிப் பட்டறைக்கும் இடையே வெந்நீர்க் குழாய் போடுவது வீண் பேச்சு. இடைத்தூரத்திலேயே சூடும் பணமும் தீர்ந்துவிடும். கீழ்க்கதிர்ப்பூர்ப் பட்டுப் பூங்காவைப் போல ஒரே வளாகத்தில் தொழிலின் பல அங்கங்களும் அருகருகே அமையும் இடங்களில்தான் இதை யோசிப்பதில் அர்த்தம் உண்டு.

குழாய் போட்டுவிட்டால் சிக்கனம் தானே வந்துவிடும் என்றும் நம்பிவிடலாகாது. மையக் குளிர்நீர் ஏற்பாடுள்ள பெரிய கட்டடங்கள் பலவற்றில் பம்ப்புகள் வருஷம் முழுவதும் முழு வேகத்தில் ஓட, நீர் அதிகமாகிவிட்டதென்று வால்வைத் திருகி அடைத்து வைத்திருப்பார்கள். ஒரு காலால் ஆக்ஸிலேட்டரையும் மறு காலால் பிரேக்கையும் மிதிக்கும் டிரைவரை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்; பம்ப்பு அறையில் மட்டும் அது யார் கண்ணிலும் படுவதில்லை. பம்ப்பின் வேகத்தைப் பாதியாக்கினால், குழாயின் தடை ஒன்றே அதற்கு எதிரானால், நீர் பாதியாகிறது, மின்சாரமோ எட்டில் ஒரு பங்காகிறது. வேகத்தை மாற்றும் சாதனம் இன்று சர்வ சாதாரணமாகக் கிடைக்கிறது. கிடைக்காதது, அதன் பொருளை அறிந்து, வடிகட்டியைக் காலாகாலத்தில் சுத்தம் செய்து, கண்டென்ஸர் குழாயில் உப்புப் படிவதைக் கவனித்து, திரும்பி வரும் நீரின் வெப்பத்தைத் தினந்தோறும் நோட்டில் குறிக்கும் ஆள். கோடி ரூபாய் யந்திரத்தை வாங்கும் நிர்வாகம், அதன் அருகில் அமரும் ஆபரேட்டருக்குச் சம்பளம் என்று வரும்போது கையை இறுக்கிக்கொள்வதை விடப் பெரிய ஊதாரித்தனம் வேறில்லை.

நீருக்கே திண்டாடும் ஊரில் நீரைக் கொண்டு குளிர்விப்பதா என்ற கேள்வியும் நியாயமானதே. குழாய்க்குள் சுற்றி வரும் நீர் செலவாவதில்லை. ஆனால் பெரிய யந்திரத்தின் உஷ்ணத்தை ஆற்றும் கூலிங் டவரில், டன் ஒன்றுக்கு மணிக்கு ஆறு லிட்டருக்குக் குறையாமல் ஆவியாகப் போகிறது. நூறு டன் கட்டடம் பத்து மணி நேரம் ஓடினால் ஆறாயிரம் லிட்டர். பாலாற்றில் மணலே தெரியும் கோடையில் இது அற்பமன்று. லாட்ஜு போன்ற சிறு கட்டடங்களில் உஷ்ணத்தின் ஒரு பகுதியை வெந்நீருக்கு அனுப்பி, மிஞ்சியதைக் காற்றிலேயே ஆறவிட்டால் டவரே வேண்டாம். பெரியனவற்றுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் இருக்கிறது. சென்னைக் கோயம்பேட்டில் 2019 முதல் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரை நன்னீராக்கி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள் வரைக்கும் குழாயில் அனுப்பும் ஏற்பாடு இருக்கையில், காஞ்சிபுரத்துக்கு அது எட்டாக் கனியென்று கூற இயலாது.

இன்னொரு விஷயமும் உண்டு. அறைதோறும் செப்புக் குழாயில் ஓடும் ரசாயன வாயு, கசிந்து வெளியேறினால் கரியமில வாயுவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கும், சில வகைகளில் இரண்டாயிரம் மடங்கும் பூமியைச் சூடாக்க வல்லது. அவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைப்பதாக 2016-இல் கிகாலியில் ஏற்பட்ட உடன்பாட்டை நம் அரசாங்கம் 2021-இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. மைய முறையில் வாயு ஓர் அறைக்குள் அடங்கிவிடுகிறது. கட்டடத்துக்குள் சுற்றுவது வெறும் தண்ணீர். அது கசிந்தால் ஒரு துடைப்பத்தோடு முடிந்தது.

சிங்கப்பூரில் மெரினா பே வட்டாரத்துக் கோபுரங்களுக்குப் பூமிக்கடியிலிருந்து 2006 முதல் குளிர்நீர் வருகிறது. குஜராத்தின் கிஃப்ட் சிட்டியிலும் அத்தகைய ஏற்பாடு இயங்குகிறது. ஊர் முழுவதற்கும் குழாய் பதிப்பதைக் காஞ்சிபுரத்துக்குச் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை. கோயில்களும் தேர்வீதிகளும் பழைய வீடுகளும் நெருங்கிய ஊர் இது, தெருவைத் தோண்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. கட்டடத்துக்குக் கட்டடம் செய்வதே இங்கு சாத்தியம். 100 கிலோவாட்டுக்கு மேல் இணைப்புச் சுமையுள்ள வணிகக் கட்டடங்களை மனத்தில் கொண்டு மத்திய அரசாங்கம் 2017-இல் திருத்தி வெளியிட்ட எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு இருக்கிறது. அந்த வரம்புக்குக் கீழே நிற்கும் லாட்ஜுகளும் கடைகளும் அதன் கண்ணில் படுவதில்லை. அவற்றைக் கவனிக்க வேண்டியது 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த காஞ்சிபுரத்தின் கடமை. அரசாங்கம் முன்னே நடந்து காட்ட விரும்பினால் அதற்கும் இடமிருக்கிறது: அறநிலையத் துறை ஸ்ரீரங்கத்தில் கட்டியது போன்ற யாத்ரி நிவாஸ்கள் இனி எங்கே எழுந்தாலும், காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனை போன்ற நிலையங்களில் புதுக் கட்டடம் எப்போது எழுந்தாலும், குளிர்ச்சியும் வெந்நீரும் ஒரே யந்திரத்திலிருந்து வரட்டும். ஆபரேஷன் அறைக்குக் குளிர்ச்சியும் சலவைக்கு வெந்நீரும் ஒரே நேரத்தில் கேட்கும் இடம் மருத்துவமனையைப் போல வேறொன்றில்லை.

மாநகராட்சி இதற்காகப் புதுச் சட்டம் இயற்றும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இருபது அறைக்கு மேற்பட்ட லாட்ஜுக்கும் குளிர்சாதன மண்டபத்துக்கும் வரைபட அனுமதி கேட்டு வருபவரிடம், கீழ்த்தளத்திலிருந்து மொட்டைமாடி வரை இரண்டடிச் சதுரத்தில் குழாய்க்கென்று ஒரு போக்கிடமும், மாடியில் தொட்டிக்கும் யந்திரத்துக்கும் பாரம் தாங்கும் தளமும் காட்டச் சொன்னால் போதும். யந்திரத்தைப் பணம் கிடைக்கும்போது வாங்கிக்கொள்ளட்டும். கட்டும்போது விடும் அந்த இரண்டடிக்கு ஆகும் செலவு சொற்பம். விடாமல் கட்டிய பிறகு குழாய் இறக்க நினைத்தால், நான்கு மாடித் தளத்தையும் உளி வைத்து உடைத்து, அறைகளை மாதக்கணக்கில் மூடி வைக்க நேரும்.